ஓடும்போது ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது

என் கணவர் தெய்வசிகாமணி மயக்க மருந்து டாக்டர். கத்தி பிடிக்கிற டாக்டரைத்தான் ஊருக்குத் தெரியும். தலைமாட்டில் உட்கார்ந்து நோயாளியின் மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டிருப்பவரை யாருக்கும் தெரியாது. நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் அப்படி உட்கார்ந்துவிட்டு வருகிற மனிதர், விடியற்காலை நாலரைக்கு எழுந்து ஓடப் போவார். நாற்பத்தைந்து வயதில் சென்னை மாரத்தானை முழுசாக ஓடியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். பைத்தியம் என்றுதான் நான் சொன்னேன்.

தனியாக ஓடி எங்காவது விழுந்துவைத்தால் என்ன செய்வது என்று என் தம்பி சிலம்பரசனைத் துணைக்கு அனுப்பியதும் நான்தான். அவன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். முப்பத்தொரு வயது. பெண் பார்த்துக்கொண்டிருந்தோம்.

காலை ஏழரை வரை எங்கள் ஊர் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள். அதுவரை காந்தி சிலைக்கும் டூப்ளே சிலைக்குமாக இருவரும் ஓடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கனகசெட்டிக்குளம் வரை போய்த் திரும்புவார்கள். ஆனால் டாக்டர் என்று தெரிந்தால் நம் ஜனங்கள் விடுவார்களா? நடக்க வந்தவர்களெல்லாம் வழிமறித்து மூட்டுவலி, சுகர் என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு நாள் ஒருவர் எக்ஸ்ரே ஃபிலிமையே கொண்டுவந்து, கடலில் உதிக்கிற சூரியனுக்கு நேராகப் பிடித்து, "எலும்பு கூடிடுச்சா பாருங்க சார்" என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் இவர் சட்டம் போட்டுவிட்டார்.

"ஓடும்போது ஆஸ்பத்திரிப் பேச்சு கூடாது. யாரா இருந்தாலும் சரி. அந்த ரெண்டு மணி நேரந்தான் எனக்குன்னு இருக்குது."

நானும் வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டேன். அவர் தூங்கினால் யாரும் எழுப்பக் கூடாது. ட்யூட்டியும் ஓட்டமும் போக அவருக்கு மிஞ்சியது அந்தத் தூக்கம்தான். இரண்டு சட்டத்தையும் சிலம்பு ஒரு நாளும் மீறியதில்லை. மாமா என்றால் அவனுக்கு அவ்வளவு மரியாதை.

ஓட ஆரம்பிக்கும் முன் இருவரும் கடற்கரைச் சுவரில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்து நாடி எண்ணுவார்கள். ஓடிப் பழகிய உடம்புக்கு நாடி மெதுவாகத் துடிக்குமாம். குறையக் குறையப் பெருமையாம். தன் எண்ணைச் சிலம்பு குடும்ப வாட்ஸப்பில் போடுவான். ஐப்பசியில் ஐம்பத்திரண்டு. கார்த்திகையில் நாற்பத்தாறு. மார்கழி பிறந்ததும் நாற்பது.

"மச்சான் என்னையே முந்திட்டான். குதிர மாதிரி நெஞ்சு இவனுக்கு" என்று இவர் குரல் பதிவு அனுப்பினார். நான் கைதட்டும் பொம்மை மூன்று போட்டேன்.

ஆபரேஷன் தியேட்டரில் நாற்பது என்று மெஷின் காட்டினால் ஊசியை எடுத்துக்கொண்டு துள்ளி எழுகிற மனிதர் இவர். பீச் ரோட்டில் அதே நாற்பதுக்கு என் தம்பியின் முதுகில் தட்டிக்கொடுத்தார். அவன் வேகம் குறைந்ததுகூட யார் கண்ணிலும் படவில்லை. பெரிய ஓட்டத்துக்கு முந்தைய வாரங்களில் குறைத்து ஓடுவதுதான் முறையாம்.

சென்னை ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை மத்தியானம் சிலம்பு கம்பெனியில் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. இவர் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். கீழே என் தம்பி கிடக்கிறான். மேலே தியேட்டரில் இவர் யாரோ ஒரு அம்மாவின் தலைமாட்டில் இருக்கிறார். மயக்கத்தில் இருப்பவரை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. மாற்று டாக்டர் வந்து, இவர் படியிறங்கி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

கடைசியாக எடுத்த ஈசிஜி தாளை இவர் கையில் கொடுத்தார்கள். நெஞ்சைத் துடிக்க வைக்கிற மின்சாரம் போகும் பாதையில் அடைப்பு. அதனால்தான் எண் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

காரியத்தன்று எல்லோர் முன்னாலும் இவரே சொன்னார்: "முன்னாடியே ஒரு ஈசிஜி எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பேஸ்மேக்கர் வெச்சிப் பொழைக்க வெச்சிருக்கலாம். நான்தான் கோட்ட வுட்டுட்டேன்."

என் அம்மா அஞ்சலாட்சி இவர் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அதுவரை மாப்பிள்ளையை ஒருமையில் பேசாதவள். "ஊரு சனத்து நெஞ்சையெல்லாம் பாக்குறியே, எம்புள்ள நெஞ்சு ஒனக்குத் தெரியலையா?" இவர் அசையாமல் நின்றார். பக்கத்தில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அவன் போவதற்கு இரண்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், சிலம்பு எனக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தான்: "அக்கா, ரெண்டு நாளா கண்ண இருட்டிக்கிட்டு வருது. மாமாகிட்ட நீ கேளு. ஓடும்போது கேக்கக் கூடாதுல்ல." இவர் முதல் நாள் போன ட்யூட்டியை அப்போதுதான் முடித்து வந்து படுத்திருந்தார். நான் பதில் போட்டேன்: "மாமா தூங்குறாருடா. ஓட்டம் முடியட்டும், கேக்குறேன். எளநி குடி."

இளநீர் குடிக்கச் சொன்னேன் என் தம்பியை.

ஒன்பது மாதம் யாரிடமும் சொல்லவில்லை. பழி முழுக்க இவர் தலையில் விழட்டும் என்று விட்டேன். அது போதாதென்று கோபமும் பட்டேன். இவருடைய ஓட்ட ஷூவை நானே எடுத்துக் குப்பை வண்டியில் போட்டேன். ஒரே கட்டில்தான், பேச்சு மட்டும் இல்லை.

இவர் இப்போது ஓடுவதில்லை. ஆனாலும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, நான் தூங்குகிறேன் என்று நினைத்து, என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவார். பிறகு என் கையைப் போர்வைக்குள் வைத்துவிட்டுப் போவார். நான் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேன்.

நேற்று என்னால் முடியவில்லை. அவர் விரல் என் கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"சிலம்பு எங்கிட்ட சொன்னான், கண்ண இருட்டுதுன்னு. நான்தான் ஒங்கள எழுப்பல."

அவர் கையை எடுக்கவில்லை.

"தெரியும் நிர்மலா. அன்னிக்கு அவன் ஃபோன எங்கிட்டதான குடுத்தாங்க. ஒங்கம்மாவுக்குச் சொல்லலாம்னு தொறந்தேன். நீ போட்டது மேலயே இருந்துச்சு."

"அப்பறம் ஏன் எங்கம்மா அவ்ளோ பேசும்போது சும்மா நின்னீங்க?"

"அவங்களுக்கு இனிமே இருக்கிறது நீ ஒருத்திதான்."

நான் குலுங்கி அழுதேன். அவர் மணிக்கட்டை இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார்.

"கொஞ்சம் ஆடாம இரு. எண்ணிக்க வுட்டுப்போச்சு" என்று சொல்லிவிட்டு, மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.