வெர்லீனின் ஆள்காட்டி விரல்

வெர்லீன் ஸ்டக்கி வாடெல் ஊரில் பிறந்து, வாடெல் பள்ளியில் படித்து, அதே பள்ளியின் சமையலறையில் இன்றுவரை பிள்ளைகளுக்கு மக்காச்சோள ரொட்டி சுட்டுப் போடுகிறவள். புருஷன் டெல்பர்ட் எண்ணெய்க் கிணற்று வேலைக்கு முதலில் முதுகைக் கொடுத்தான், பிறகு இதயத்தையும் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப் போனது ஒரு மர வீடும் ஒரு பழுப்பு நிற பிக்கப் வண்டியும். வீடுதான் அவளுக்கு எல்லாம். வண்டி ஊருக்கே தெரிந்த வண்டி.

டெக்சஸின் அந்தப் பக்கத்தில் எதிரே வண்டி வந்தால் வணக்கம் சொல்வதுபோல ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலைத் தூக்க வேண்டும். யாரென்று பார்த்துத் தூக்குவதில்லை. தூக்காதவன் வெளியூர்க்காரனாக இருப்பான், இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருப்பான். வெர்லீனின் வலக்கை ஆள்காட்டி விரலுக்கு நுனி கிடையாது. இறைச்சி வெட்டும் இயந்திரம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. எதிரே வருவது வெர்லீன்தான் என்று கண்டுகொள்ள முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியமே யாருக்கும் இருந்ததில்லை.

சமையலறையில் அவளோடு வேலை பார்க்கும் மரிசெலாவுக்கு இரண்டு பிள்ளைகள். புருஷன் வேலை தேடி வடக்கே போனவன், போன் எடுப்பதில்லை. ஒரு நாள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

"மிஸ் வெர்லீன், என் கார் நியூ மெக்சிகோ வரைக்கும் தாங்குமா?"

"உன் கார் சர்ச் வரைக்குமே தாங்காது. அங்க என்னடி வேலை?"

மரிசெலா சொன்னாள். மூன்றாவதைச் சுமக்க உடம்பும் இல்லை, மனசும் இல்லை. டெக்சஸில் எந்த டாக்டரும் தொடமாட்டார். பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவில் கலைக்கத் தடையில்லை.

"எனக்கு ஒண்ணும் ஆகாதாம். கூட்டிட்டுப் போறவங்க மேலதான் கேஸாம்."

"தெரியும். அந்த மீட்டிங்குக்கு சாண்ட்விச் போட்டதே நான்தான்."

போன வருடம் மாவட்டத்தை ஆளும் கவுன்டிக்காரர்கள் கூடி, தங்கள் சாலைகள் வழியாக ஒரு பெண்ணைக் கருக்கலைப்புக்கு அழைத்துப் போகிறவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம் என்று விதி செய்திருந்தார்கள். போலீஸ் வராது. அக்கம்பக்கத்தவர் வருவார்கள். ஜெயித்தால், அழைத்துப் போனவர் சொத்தை விற்றாவது அவர்களுக்குப் பணம் கட்ட வேண்டும். அன்று எழுந்து நின்று நன்றாகப் பேசியவர் பருத்தி விவசாயி ராய்ஸ் டிட்வெல். சர்ச்சில் மூப்பர், பொய் பேசாதவர் என்று பெயர் எடுத்தவர். வெர்லீனுக்கும் அந்த விஷயத்தில் ஒரு கருத்து உண்டு. அதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவர்கள் கருத்திலிருந்து ரொம்பத் தள்ளி இருந்திருக்காது.

"உங்க வீடு போயிடும், மிஸ் வெர்லீன்."

"வெங்காயத்த நறுக்கு. வியாழக்கிழமை லீவு சொல்லிடு."

பிக்கப்பை எடுத்தால் ஊருக்கே தெரியும். அதனால் பக்கத்து ஊரிலிருந்த நாத்தனாரின் வெள்ளைக் காரை இரவல் வாங்கினாள். டெல்பர்ட்டின் தொப்பியைப் போட்டுக்கொண்டாள், கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். மரிசெலாவைப் பின் சீட்டில் படுக்க வைத்தாள். எல்லாவற்றையும் யோசித்தாயிற்று என்று அவளுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பருத்தி ஆலையைத் தாண்டியதும் எதிரே ராய்ஸின் வண்டி வந்தது. வெர்லீனின் விரல் தானாக எழுந்தது. ராய்ஸின் விரலும் எழுந்தது. இரண்டு வண்டிகளும் அதனதன் வழியே போயின.

"யாரது?" என்றாள் மரிசெலா, படுத்தபடியே.

"ராய்ஸ் டிட்வெல்."

"பாத்துட்டாரா?"

"அவரும் தூக்கினாரு."

"ஐயோ, நீங்க ஏன் தூக்கினீங்க?"

"ஏன்னா? எதிர்ல வண்டி வந்துச்சு."

"திரும்பிடலாம். உங்க வீடு..."

"படு. இனிமே திரும்பினாலும் வீடு போறது போறதுதான்."

நியூ மெக்சிகோவில் யாரும் அவர்களை ஒன்றும் கேட்கவில்லை. திரும்பும்போது மரிசெலா நிம்மதியாகத் தூங்கினாள். வெர்லீன் வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்டி வந்தாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தபால் வண்டிச் சத்தம் கேட்டால் வழக்குக் கடிதமோ என்று ஜன்னலுக்கு ஓடுவாள். பாத்திரம் கழுவும்போது தன் வீட்டுச் சமையலறைச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மரிசெலாவின் பிள்ளைகளோ, அம்மா வெள்ளைக் காரில் போனாள் என்று தங்கள் பாட்டியிடம் சொல்லிவிட்டார்கள். மரிசெலாவின் மாமியாரான அவள் விஷயத்தை ஊகித்து, அதை லோனி ப்ரூயிட்டிடம் சொன்னாள். லோனி பக்கத்து வீட்டு நாய் மேல் வழக்குப் போட்டு, அதில் ஜெயித்தவன்.

சனிக்கிழமை காபிக் கடையில் பாதி ஊர் இருந்தது. வெர்லீனும் இருந்தாள். வராமல் இருந்தால் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். லோனி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ராய்ஸின் எதிரே உட்கார்ந்தான்.

"வியாழக்கிழமை ஆலைப் பக்கமாத்தானே வந்தீங்க? வெள்ளைக் கார் ஒண்ணு பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"ஓட்டினது யாரு? நீங்க பேரச் சொன்னாப் போதும். மிச்சத்த என் வக்கீல் பாத்துக்குவான்."

ராய்ஸ் காபியைக் கலக்கினார். கடையில் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். வெர்லீன் கோப்பையைப் பிடித்திருந்தாள். குட்டை விரல் அதன் மேல் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. அவர் அதைப் பார்த்தார்.

"தெரியல," என்றார். "அந்தப் பொம்பள விரலத் தூக்கல."

"தூக்கவே இல்லையா?"

"இல்லங்கறேன்ல. நம்ம ஊர்க்காரி இல்ல அவ."

லோனியின் முகம் விழுந்துவிட்டது. தூக்காதவள் என்றால் வெளியூர்க்காரி. வெளியூரில் போய் எந்த வீட்டைத் தேடுவது? அவன் இன்னொரு காபி சொன்னான். பேச்சு மழைக்கும் பருத்திக்கும் திரும்பியது.

வழக்கு வரவில்லை. வீடு இருக்கிறது. மரிசெலா சமையலறையில் இப்போதும் வெங்காயம் நறுக்குகிறாள், முன்பைவிடப் பொடியாக. திங்கட்கிழமை காலை வெர்லீன் தன் பழுப்பு வண்டியில் வேலைக்குப் போகும்போது ஆலையருகே ராய்ஸ் எதிரே வந்தார். அவள் விரலைத் தூக்கினாள். நன்றி என்பதை அதற்கு மேல் எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். இப்போது அப்படி நினைப்பதை விட்டுவிட்டாள். வலிக்கத்தான் செய்கிறது, ஆனாலும் தினமும் தூக்குகிறாள். ராய்ஸ் தூக்குவதில்லை. அவள் நம்ம ஊர்க்காரி இல்லை என்று ஊரார் முன்னால் ஒரு தடவை சொல்லிவிட்டார். அவர் சொன்ன சொல் மாறாதவர்.