உசனார் விற்ற நன்மதிப்பு

கற்பிட்டிக் கடைத்தெருவில் கருவாட்டுக்காரர்கள் எல்லாரும் தங்கள் கருவாட்டைப் புகழ்ந்து விற்பார்கள். உசனார் ஒருவர்தான் திட்டி விற்றவர். "அந்தக் கட்டா வாணாம், உப்புக் கூடிப்போச்சு. நெத்தலியில மண் இரிக்கி, மாமியாருக்கெண்டா கொண்டு போங்க" என்பார். அப்படிப்பட்ட வாய் "சீலா எடுங்க" என்று சொல்லிவிட்டால், புத்தளத்திலிருந்து வந்தவர்கள்கூட முகர்ந்து பார்க்காமல் வாங்குவார்கள்.

முழங்கால் மடங்காமல் போக, கடையை றஸ்மிக்கு விற்றார். கண்டக்குழியில் ஓடிய படகை விற்றுத்தான் றஸ்மி அதை வாங்கினான். சட்டத்தரணி எழுதிய உறுதிப் பத்திரத்தில் தராசு, மேசை, பெயர்ப்பலகையோடு 'நன்மதிப்பு' என்றும் ஒன்று இருந்தது.

"அது எந்த றாக்கையில இரிக்கி?" என்று உசனார் விழித்தார்.

"ஆக்கள் ஒங்கட கடையத் தேடி வாறாங்களே, அதுதான்" என்றார் சட்டத்தரணி. "அதையும் வித்தாச்சு. இனி நீங்க இங்க கருவாட்டுக்கடை போடவும் ஏலா, பழைய ஆக்கள இழுக்கவும் ஏலா."

உசனார் உறுதியை மீறவில்லை. எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை அளந்தார், அவ்வளவுதான்.

றஸ்மியோ கடையிலிருந்த எல்லாவற்றையும் "பெஸ்ட் சாமான்" என்றான். வந்தவர்கள் திரும்பி உசனாரைப் பார்த்தார்கள். வாய் திறக்கவில்லை மனிதர். தலை மட்டும் தன்பாட்டில் இடமும் வலமும் ஆடியது. அவர்கள் வெறுங்கையோடு நடந்தார்கள்.

நெத்தலியில் வண்டு விழுந்த அன்று றஸ்மி தெருவைத் தாண்டி வந்தான்.

"நானா, படக வித்து வாங்கின கட! நன்மதிப்ப எனக்கு வித்துட்டு இன்னமும் நீங்கதானே வெச்சிரிக்கீங்க?"

"நான் வாயத் தொறந்தனாடா?"

"தல ஆடுதே! அந்தத் தலையும் நான் வாங்கின சாமான்தான். என்ட கடையில வந்து ஆட்டுங்க."

உசனாருக்கும் தேத்தண்ணி அலுத்துத்தான் போயிருந்தது. தராசுக்குப் பக்கத்தில் றஸ்மி போட்ட கதிரையில் உட்கார்ந்தார். ஆலங்குடாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் ஸபீனா வந்து கட்டாவைத் தொட்டாள்.

"வாணாம் தங்கச்சி, மழையில நனஞ்சது."

றஸ்மி கட்டாவை அவள் பக்கம் தள்ளியும், ஸபீனா உசனாரைத்தான் கேட்டாள்.

"அப்ப எது நானா நல்லம்?"

"பாரை எடுங்க."

ஸபீனா பாரையை மூட்டையோடு கொண்டுபோனாள்.

"நானும் பாரை பெஸ்டுண்டுதானே சொன்னன்!" றஸ்மி குமுறினான்.

"நீ வண்டு விழுந்ததையும் பெஸ்டுண்டாய்."

மறுநாள் உசனார் வரும்போது றஸ்மி நடுத்தெருவில் நின்று கூவிக்கொண்டிருந்தான். "கட்டா வாணாம்! நெத்தலி வாணாம்! சீலாவும் வாணாம்!"

உசனார் நொண்டி ஓடி அவன் சாரத்தைப் பிடித்து இழுத்தார். "டேய், ஒண்டையாவது விக்க விடுடா!"