துருசை அடைத்த அரசி

எங்கள் வீட்டில் முடிவு சொல்வது எப்போதும் என் கணவர்தான். எந்த வயலில் எந்த நெல் விதைப்பது, யார் வீட்டுக் கலியாணத்துக்குப் போவது, எல்லாம் அவர் சொன்னபடி. கெட்டவரில்லை. என்னையும் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். உடையார்கட்டில் நாடகம் போட வந்த ஆசிரியை எங்களை அரசனும் அரசியுமாக நடிக்கக் கேட்டபோதும், எனக்கும் சேர்த்து அவரே சம்மதம் சொன்னார்.

கதை அந்த ஆசிரியை எழுதியது. மழை பொய்த்த வருடம், குளத்து மதகான துருசை அடைத்துக் கீழூருக்குத் தண்ணீர் விடாமல் மறிக்கச் சொல்கிறாள் அரசி. அரசன் தயங்கி, அவளுக்குப் பணிகிறான். பிறகு அதிகாரம் அவனுக்கு ருசித்துவிடுகிறது. அவள் மனம் மாறித் திறக்கச் சொல்லிக் கெஞ்சும்போது அவன் கேட்பதில்லை. ஒளித்துப் போய்த் துருசைத் திறக்க முயன்ற அவர்களுடைய மகன் காவலாளிகளின் கையால் சாகிறான்.

முதல் ஒத்திகையில் என் முன்னால் முழங்காலில் இருக்க அவருக்கு மனம் வரவில்லை.

"அரசன் ஏன் மனிசியிட்டக் கேக்க வேணும்?" என்றார்.

"அவனுக்கு அவவில பயம், அதுதான்" என்றார் ஆசிரியை.

"முழங்காலில இருந்து கேளும், அரசே" என்றேன் நான். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் திகைத்துப் பார்த்துவிட்டு முழங்காலிட்டார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

அன்றிலிருந்து குசினியில் நின்றபடி வசனம் பேசினேன். சோறு ஒருநாள் அடிப்பிடித்தது. அவருக்கு வசனம் பாடமாகவில்லை. வயலால் வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இஞ்சேரும், அடுத்தது என்ன?" என்று கேட்பார். நான் சொல்லிக் கொடுப்பேன்.

அரங்கேற்றம் ஒரு பின்னேரம், பாடசாலை மைதானத்தில். சனம் மதிலிலும் ஏறியிருந்தது. முதல் பாதி பறந்தது. நான் கை நீட்டிய பக்கமெல்லாம் அவர் ஓடினார்.

கெஞ்சும் காட்சி வந்தது. நான் அவருடைய காலைப் பிடித்தேன். அவர் என்னை உதறித் தள்ள வேண்டும். அவர் அசையவில்லை. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஏலாதப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

"தள்ளுங்கோ" என்றேன் மெல்ல. "நான் சொல்லுறன், தள்ளுங்கோ."

தள்ளினார். மேடைப் பலகையில் உருண்டு விழுந்தேன். மகனின் உடலைக் கொண்டுவந்தபோது அவர் அழுத அழுகை ஒத்திகையில் ஒருநாளும் வராதது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ அழ வேண்டிய இடத்தில் நெஞ்சு சந்தோசத்தில் அடித்தது.

திரை விழுந்ததும் அவர் ஓடி வந்து என் முழங்கையைத் தடவிப் பார்த்தார். "நொந்ததே?"

அதற்குள் ஆசிரியை மூச்சு வாங்க வந்தார். கிளிநொச்சியிலும் போடக் கேட்கிறார்களாம்.

"ஓம், வாறம்" என்றேன் நான். சொன்ன பிறகுதான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். முகத்துச் சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "எப்ப எண்டு கேட்டீரே?" என்றார்.