தெரியவில்லை என்ற வகை

சென்னையில் இரண்டு வருஷம் கணினி படித்துவிட்டு எண்பதுகளின் கடைசியில் குரும்பகரத்துக்குத் திரும்பியபோது எனக்கிருந்த தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. எதற்கும் ஒரு வகை உண்டு என்று கேட்டவன் கேட்காதவனிடமெல்லாம் பேசித் திரிந்தேன். நாங்கள் படித்த நிரல்மொழியில் ஒரு சார்பு, அதாவது ஒரு ஃபங்ஷன், எழுதினால், அது எந்த வகையை வாங்கும், எந்த வகையைத் திருப்பித் தரும் என்பது ஓட்டிப் பார்க்கும் முன்பே தெரிந்துவிடும். எண் கேட்கிற இடத்தில் பெயரைக் கொடுத்தால் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஒரு வகைக்கு மூன்று வடிவம் இருந்தால் மூன்றுக்கும் பதில் எழுத வேண்டும்; ஒன்றை விட்டால் எச்சரிக்கும். மனுஷர்களுக்கு இந்தக் கண்டிப்பு இல்லையே என்று அலுத்துக்கொள்வேன். மண்ணாங்கட்டி!

காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. பால்வாடி ஆயா வேலைக்கு வரும் விண்ணப்பங்களைக் கணினியில் ஏற்ற வேண்டும். நிரல் எழுதுவதும் நான்தான், தட்டுவதும் நான்தான். விதவைகளுக்கு முன்னுரிமை. ‘கணவர்’ என்ற கட்டத்துக்கு இரண்டே பதில்: இருக்கிறார், இறந்துவிட்டார்.

விண்ணப்பித்தவர்களில் என் அக்காவும் ஒருத்தி. அத்தான் துபாய்க்குப் போய் ஆறு வருஷம். முதல் வருஷம் கடிதம் வந்தது, அப்புறம் ஒன்றும் இல்லை. நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்த்தான் அக்கா மகளை வளர்த்தாள். இந்த வேலை கிடைத்தால் வயலில் குனிகிற பிழைப்பு விட்டது என்று நம்பியிருந்தாள். அந்தக் கட்டத்தில் அவள் எழுதியிருந்தது, ‘தகவல் இல்லை.’

அதிகாரியிடம் போய் நின்றேன். “சார், தெரியவில்லைன்னு மூணாவதா ஒண்ணு சேர்க்கணும்.”

அவர் சிரித்தார். “புருஷன்னா ஒண்ணு இருப்பான், இல்ல செத்திருப்பான். நடுவுல என்ன தம்பி, திரிசங்கு சொர்க்கமா? ரெண்டு போதும். போய் வேலையப் பாருங்க.”

நிரலில் நாலு வரி சேர்த்திருந்தால் போதும். என் வேலை போய்விடுமோ என்ற பயத்தில், “சரிங்க சார்” என்று வந்துவிட்டேன். இறந்துவிட்டார் என்று தட்ட விரல் வரவில்லை. ‘இருக்கிறார்’ என்று தட்டினேன். தேர்வானவர்கள் பட்டியலில் அக்கா பெயர் இல்லை.

“என்னடா போட்ட?” என்றாள் அக்கா.

“இருக்காருன்னு.”

“எங்க இருக்காரு? நீ பாத்தியா?”

அம்மா குறுக்கே வந்தாள். “வாயக் கழுவுடி! இருக்காருன்னுதானே போட்டான்?”

“நல்லாப் படிச்சுக் கிழிச்சான்,” என்றாள் அக்கா. “எனக்கு ஒரு கட்டம் போடத் துப்பில்ல.”

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

மறு வருஷமும் ஆள் எடுத்தார்கள். அக்கா விண்ணப்பத்தை நேரே என்னிடம் கொண்டுவந்தாள். நெற்றியில் பொட்டு இல்லை. கழுத்தில் தாலி இல்லை. அத்தான் இறந்ததாக ஊரில் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கிய தாள் கையில் இருந்தது.

“அக்கா, அம்மாவுக்குத் தெரியுமா?”

“மூணு நாளா எங்கிட்ட பேசல. நீ போடு.”

போட்டேன். தப்பான வகை என்று நிரல் சொல்லவில்லை. அதற்கு வேண்டியது இரண்டில் ஒன்று. உண்மையா பொய்யா என்று கேட்க அதற்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான். அக்காவுக்கு வேலை கிடைத்தது.

ஜூன் மாதம், மகளின் புது நோட்டில் அப்பா பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று எழுத அக்கா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழுதி முடித்து நிமிர்ந்தது.

“அப்பா எப்பம்மா செத்துச்சு?”

அக்கா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மாமாவக் கேளு. அவன்தான் போட்டான்.”