கரைந்த கட்டிக்கு ஏன் கத்தி?

நான் வாழும் லெஸ்டரில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் வாசலில் பூங்கொத்தை நீட்டிவிட்டு, நோயின் பெயரைச் சொல்லாமலே போய்விடுவார்கள். மாத்தளையில் என் தங்கை சரோஜாவின் கழுத்தை எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள். அவளுடைய மசாலாக் கடைக்கு இரத்தோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள்கூட, முதலில் கழுத்தை அழுத்திவிட்டுத்தான் மிளகை நசுக்கிப் பார்த்தார்கள்.

அது தைராய்டுப் புற்றுநோய். மூச்சுக்குழாயை நெருக்கிப் படர்ந்திருந்ததால் உடனே அறுக்க முடியாது என்றார்கள். இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைகளுக்கு நேரம் ஒதுக்கியே ஓய்வுபெற்றவன் நான், நடைமுறையெல்லாம் மனப்பாடம். கட்டியின் மரபணு மாற்றத்தைக் கண்டுபிடிப்பது, அதை மட்டும் குறிவைக்கும் மாத்திரைகளைக் கொடுப்பது, கட்டி சுருங்கியதும், மறுபடி வளர்வதற்குள் அறுத்தெடுப்பது. ஊருக்கு வந்த கையோடு இதை வீட்டாருக்குப் படம் வரைந்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். இங்கே தலையாட்டுவது மரியாதைக்கு என்பது எனக்கு மறந்துபோயிருந்தது.

மாத்திரை முதலில் காய்ச்சலைக் கொடுத்தது. சில வாரங்களில் கட்டி சுருங்கியது. வெறும் காற்றாகிப் போயிருந்த அவள் குரலும் திரும்பியது. உடனே ஆளுக்கொருவர் உரிமை கோரினார்கள். "பாத்தீங்களா, நான் தந்த கருஞ்சீரகம் வேல செஞ்சீக்கி" என்றார் பக்கத்துக் கடை நிஸ்தார் நானா. கோயில்காரர்கள் அபிஷேகத்தைச் சொன்னார்கள். மாத்திரைக்காகப் பேசத்தான் ஆளில்லை.

"கரைஞ்சதப் போயி எதுக்குண்ணே அறுக்கணும்?" என்றாள் சரோஜா.

"சுருங்கித்தான் இருக்கு, போயிடல. இப்ப விட்டா மறுபடி வளரும். அப்புறம் அறுக்கவே முடியாது."

"அது தெரியும். டொக்டர் நரம்பப் பத்தியும் சொன்னாரு. அதுல பட்டா குரல் போயிருமாம். கத்தாம இந்தத் தெருவுல யாவாரம் பண்ண முடியுமா? போன குரல் இப்பதான் வந்திருக்கு."

நரம்பைப் பாதுகாக்கும் முறைகளை விளக்கத் தொடங்கினேன்.

"அதெல்லாம் சரி. நான் வாயத் தொறக்க முடியாம கெடக்கறப்ப நீங்க எங்க இருப்பீங்க? பிளேன்லயா?"

லெஸ்டருக்குத் திரும்பும் பயணச்சீட்டைத் தள்ளிப்போட்டேன். அவள் அறுவைச் சிகிச்சைக்குக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

கட்டி முழுவதையும் எடுத்துவிட்டார்கள். குரல் மறுபடி காற்றாகிவிட்டது. திரும்புமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம். இப்போது கல்லாவில் அவள், வாசலில் நான். "வாங்க, தயவுசெய்து மிளகைப் பாருங்க" என்று கூவுகிறேன். இந்தத் தெருவில் இதற்குமுன் யாரும் தயவுசெய்து எதையும் விற்றதில்லை.

நேற்று நாவுலப் பக்கத்துப் பெண்ணொருத்தி நின்று கேட்டாள். "ஐயா எந்த நாடு?"

"மாத்தளைதான்."

அவள் நம்பாமல் சரோஜாவைப் பார்த்தாள். கழுத்தில் கட்டுடன் இருந்த என் தங்கை ஒரு சுட்டுவிரலை நீட்டி, அதன் நடுவில் மறு கையின் விரலை வைத்து, பாதி என்று காட்டினாள்.