உரிமையாளர் என்ற கட்டம்

கிரான் வட்டை நெல்வெளியில் இருப்பது எங்கள் வயல் என்று நான் சொல்லிக்கொள்வது வழக்கம். உண்மையில் அது மனைவியின் சீதனம். குடியிருக்கும் வீடும் அவளுடையதுதான். எங்கள் பக்கம் வீடும் வயலும் பெண்ணுக்கு. மாப்பிள்ளை உடுத்த சாரத்தோடு வந்து சேருவான்.

போன போகத்துக்கு முன் ஒரு வெளிநாட்டு ஆய்வு நிறுவனத்தார் வந்தார்கள். சுற்றுச்சூழலைக் காப்பது பற்றி உலக அரசாங்கங்களுக்கு ஆலோசனை சொல்கிறவர்களாம். வயல்களில் கடலோடு சேரும் வாவியின் உப்பு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். படிவம் நிரப்ப வந்தவள் தன்னாமுனை ஊர்ப் பெண். 'உரிமையாளர்' என்ற கட்டம் வந்ததும், "ஐயா, வயல் உங்கடதானே?" என்று கேட்டாள். அந்த ஐயாவில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் பெயரை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

மறு கிழமை தேநீர்க் கடையில் வேறு கதை. கையெழுத்து வாங்கிய காணியையெல்லாம் காடு வளர்க்க எடுத்துவிடுவார்களாம். சட்டம் போடுகிறவர்களையே ஆட்டிவைக்கிற ஆட்களாம். விசர்க்கதை என்று என்னால் தள்ள முடியவில்லை. சண்டையில் காணியை விட்டு ஓடிய காலத்தை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தாள்.

"எங்கட அம்மா எனக்குத் தந்த வயல். மகளுக்கெண்டு வெச்சிரிக்கன். அதுக்குக் கையெழுத்து வைக்க நீங்க ஆரு?"

மறுநாள் காலை அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போனேன்.

தன்னாமுனைப் பெண் என் படிவத்தைத் தேடி எடுத்தாள். குறுக்கே சிவப்புக் கோடு.

"ஐயா, இது செல்லாது. பதிவில உங்கட மனிசி, இந்த அம்மாட பேர்தான் இரிக்கு. உங்களுக்கு அந்த வயல்ல ஒண்டுமில்ல. கிரான்ல கனபேர் இப்பிடித்தான் எழுதித் தந்திரிக்காங்க. எல்லாம் ஆம்பிளையள்."

அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தேன். எனக்கு ஒரு சாண் நிலமும் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவளைக் கும்பிடத் தோன்றியது.

மனைவி புதுப் படிவம் ஒன்றை வாங்கி முதல் வரியிலிருந்து வாசித்தாள். மண் எடுத்துச் சோதிக்க அனுமதி, அவ்வளவுதான். கடைசி வரி வரை வாசித்தும் கையெழுத்து வைக்கவில்லை.

"மகளும் வாசிக்கட்டும். மறுகா வாறன்" என்று மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

அந்த நிறுவனம் நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றும் தெரியாது. திரும்பும் வழியில் பாலம் தாண்டியதும் அவள் என் தோளில் தட்டினாள்.

"உரிமையாளரே, பள்ளம் பாத்து ஓட்டுங்க. இந்த மோட்டார் சைக்கிளும் எண்ட பேர்லதான்."