ஐஸைக் கழுவிய வீடு

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் சமையற்கட்டில் மிக்ஸி அலறியது. அது அலறுவது புதிதில்லை. கூடவே வந்த வாசனைதான் என்னைச் சாய்வு நாற்காலியிலிருந்து கிளப்பிவிட்டது. புதினாவும் சர்க்கரையும். எட்டிப் பார்த்தால், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கிற மருமகன் ஒரு கட்டுப் புதினாவைக் காம்போடு உள்ளே தள்ளி, மூடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் அமெரிக்க விஸ்கி ஒரு பாட்டில். சோளத்தில் வடிப்பது, போர்பன் என்று பெயர். "அரைக்காதீக மாப்ள, நிறுத்துங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் கை நழுவி, மூடி கழன்று, சுவரெல்லாம் பச்சை.

"எதுக்கு மாமா இம்புட்டுக் கோவம்? பொதினாதான?" என்றார் பாவம்.

நாற்காலிக்கே திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். இது நாற்பத்தைந்து வருஷத்துக் கோபம். அதில் மருமகன் பங்கு ஒன்றுமில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. மதுரைப் பக்கம் மதுவிலக்கு இன்னும் வரவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை மூட்டை கட்டிய எனக்கு, வக்கீல் மாமாவின் சிபாரிசில் ஒரு பஞ்சாலையில் குமாஸ்தா வேலை. வக்கீல் மாமா என் அம்மாவின் கூடப்பிறந்தவர். தல்லாகுளத்தில் மாடி வீடு. அவர் தொண்டையைச் செருமினால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிடுவார்கள். நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருப்பேன்.

ஆலையில் புது இயந்திரம் பூட்ட ஓர் அமெரிக்கத் துரை வந்து இரண்டு வருஷம் தங்கியிருந்தார். அவருடைய காகிதங்களைப் பங்களாவுக்கும் ஆபீசுக்கும் சுமப்பது என் வேலை. அந்தப் பங்களாவின் சமையல்காரர்தான் சோணை. சமயநல்லூர்ச் சேரிக்காரர். அவர் அப்பன் பாட்டன் எல்லாம் அடுத்தவன் வயலில் குனிந்தே காலம் கழித்தவர்கள். இவர் மட்டும் எப்படியோ ரயில்வே துரைகளின் அடுப்படியில் பாத்திரம் கழுவப் போய், பார்த்துப் பார்த்தே சமையல் பழகிவிட்டார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை "சோணை, இங்க வா" என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை "அய்யா" என்பார். இப்போது "அவர்" என்று எழுதிவிட்டால் அன்றைக்குக் கூப்பிட்டது அழிந்துவிடாது, தெரியும்.

சாயங்காலமானால் துரைக்குப் புதினா விஸ்கி வேண்டும். தோட்டக் குழாயடியில் சோணையே புதினா வளர்த்தார். காம்பு நீக்கி, ஏழெட்டு இலையை மட்டும் வெள்ளி டம்ளரின் அடியில் போட்டு, ஒரு கரண்டிச் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, மரக்கரண்டியின் முதுகால் இரண்டே தட்டு. "அரைக்கக் கூடாதுய்யா. தூங்குற புள்ளையத் தட்டுற மாதிரித் தட்டணும். வாசம் மட்டும் முழிக்கணும், கசப்பு முழிச்சிரக் கூடாது" என்பார். மரத்தூள் சாக்கில் ஜட்கா வண்டியில் வரும் ஐஸ் பாளத்தை, கித்தான் பையில் போட்டுக் கட்டையால் அடித்துத் தூளாக்குவார். அது பல்லு மாதிரி இருக்கக் கூடாதாம், உப்பு மாதிரி இருக்க வேண்டுமாம். அந்தத் தூளை டம்ளர் தலைக்குக் குவித்த பிறகு விஸ்கி மெதுவாக இறங்கும். "இவன் கோவக்காரன். பையத்தான் உள்ள விடணும்." கொஞ்ச நேரத்தில் டம்ளருக்கு வெளியே வெள்ளையாகப் பனி பூக்கும். மதுரை வெயிலில் பனி. மேலே ஒரு கொத்துப் புதினா. குடிக்கிறவர் மூக்கு முதலில் அதில்தான் போய் இடிக்க வேண்டும்.

நான் குடித்திருக்கிறேனா என்று கேட்பீர்கள். குடித்திருக்கிறேன். சோணை கையால் டீ, ஆம்லெட், எல்லாம்தான். பங்களா வாசலுக்குள் விழுங்கியதை வாசலுக்கு வெளியே ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. வக்கீல் மாமாவும் ஒருநாள் துரையோடு உட்கார்ந்து, சோணை நீட்டிய தட்டிலிருந்து எடுத்து மூன்று டம்ளர் இறக்கியவர்தான். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியை என் கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

துரை ஊருக்குக் கிளம்ப நாள் குறித்தாயிற்று. சோணைக்கு வேலை போகும். அந்தச் சமயத்தில் கொடைக்கானல் மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் வழக்கு விஷயமாக மாமாவிடம் வந்து போய்க்கொண்டிருந்தார். அவருக்கு நல்ல சமையல்காரர் தேவைப்பட்டது. சோணை என்னிடம் எதுவும் கேட்டதே இல்லை, அன்றைக்குக் கேட்டார். மலைக்குப் போனால் குடும்பத்தோடு இருக்க வீடு தருவார்களாம், தோட்டத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறதாம். அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள். "கதவு வச்ச வீடுய்யா" என்று அவர் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன். மாமாவுக்கும் அந்தத் துரையைக் குளிரவைக்கும் ஆசை. ஞாயிறு நாலு மணிக்கு வரட்டும், அந்தப் புதினா பானத்தையே கொடுப்போம் என்றார். பானம் பிடித்திருந்தால் ஆளைக் கையோடு கூட்டிப் போகிறேன் என்று மலைத் துரையும் சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிறு சோணை வெளுத்த வேட்டியோடு மாமா வீட்டுக்கு வந்தார். ஈர வாழை இலையில் புதினா, கித்தான் பை, மரத்தூள் சாக்கில் ஐஸ், அமெரிக்கத் துரை கொடுத்த அரைப் பாட்டில் போர்பன். வந்தது கொல்லைச் சந்து வழியாக. நின்றது மாட்டுக் கொட்டகை ஓரம். அதற்கு மேல் அத்தை, மாமாவின் மனைவி, விடவில்லை. வெள்ளி டம்ளரை அவர் தொடக் கூடாது. சமையற்கட்டை எட்டிப் பார்க்கக் கூடாது. மாமா நல்ல சட்டம் படித்தவரல்லவா, உடனே ஒரு வழி கண்டுபிடித்தார். "பக்குவத்த அவன் வாயால சொல்லட்டும். இவன் கேட்டுட்டு வந்து சொல்லுவான். நம்ம தவசிப்பிள்ளை செய்யட்டும்." இவன் என்றது என்னை. தவசிப்பிள்ளை அந்த வீட்டுச் சமையல்காரர். முருங்கைக்காய் சாம்பாரில் கெட்டிக்காரர், விஸ்கியைக் கண்ணால் பார்த்திராதவர்.

நான் கொல்லைக்கும் சமையற்கட்டுக்கும் நடந்தேன். சோணை கொட்டகை ஓரத்தில் ஐஸை அடித்து உப்புப் போலத் தூளாக்கிப் பையோடு கொடுத்தார். உள்ளே கொண்டு போனேன்.

"அந்த ஆளா தட்டுனான்?" என்றாள் அத்தை. ஆமாம் என்றேன். "அப்ப ரெண்டு செம்பு தண்ணி ஊத்திக் கழுவி எடுத்துருங்க" என்று தவசிப்பிள்ளையிடம் சொன்னாள்.

"கரைஞ்சு போகுமே அத்த" என்றேன்.

"கரைஞ்சா என்ன? தீட்டுப் போகுமுல்ல?"

ஐஸைக் கழுவினார்கள், ஐயா. சல்லடையில் கொட்டி, செம்புத் தண்ணீரை ஊற்றி, அரிசி களைவதுபோல் களைந்தார்கள். ஒரு பை ஐஸ் ஒரு கைப்பிடியாயிற்று. தீட்டு எம்புட்டுக் கரைந்தது என்று எனக்குத் தெரியாது. பாட்டிலை மட்டும் யாரும் கழுவவில்லை என்பதைக் கவனியுங்கள். அதை மாமா முதலிலேயே வாங்கித் தன் அறையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

அடுத்தது புதினா. சோணை சொன்னதை அப்படியே சொன்னேன். காம்பு வேண்டாம், அரைக்க வேண்டாம், இரண்டு தட்டு. தவசிப்பிள்ளைக்குக் கோபம் வந்துவிட்டது. "பொதினா எனக்கு நேத்தா தெரியும்? கொட்டகையில நிக்கிறவன்ட்டக் கேட்டு நான் அம்மி பிடிக்கணுமா?" என்று புதினாக் கட்டு முழுவதையும் காம்போடு அம்மியில் வைத்து மைபோல அரைத்தார். காலையில் மிளகாய் வைத்து அரைத்த அம்மி. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். திரும்பிக் கொல்லைக்குப் போய்ச் சோணையிடம் சொல்லியிருக்கலாம். முன்கட்டுக்குப் போய் மாமாவிடம் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டை.

மலைத் துரை ஒரு வாய் குடித்தார். முகம் செங்கல்லாயிற்று. இருமினார், கண்ணில் நீர் வந்தது, மீசையில் பச்சை விழுது. டம்ளரை மேஜையில் வைத்துவிட்டு, யார் செய்தது என்று கேட்டார். மாமா கண்ணிமைக்காமல் கொல்லைப் பக்கம் கை காட்டினார். அந்த அமெரிக்கன் வீட்டுச் சமையல்காரன்தான், நான் சொன்னேனே என்றார். தோட்டத்துக் கூலிகளிடம் பேசிப் பழகிய தமிழில் துரை என்னைப் பார்த்து, "வேணாம். போகச் சொல்லு" என்றார். மாமாவும் என்னைப் பார்த்தார். நான் போகச் சொல்லக் கிளம்பினேன்.

சோணை பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. ஒன்று மட்டும் கேட்டார்.

"அரைச்சாகளா?"

"அரைச்சாக."

சந்துப் பக்கம் ஓரடி எடுத்து வைத்துத் திரும்பினார். பிறகு, குரலை உயர்த்தாமல், "நீங்க பக்கத்துலதானய்யா நின்னீக?" என்றார்.

சந்து வழியே போய்விட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

மாமா அந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் பல வருஷம் சொன்னார். சேரிச் சமையல்காரன் ஒருத்தன் துவையலில் சாராயத்தை ஊற்றித் துரைக்கே கொடுத்தான் என்று. பந்தி முழுக்கச் சிரிக்கும். இலையில் குனிந்துகொண்டு நானும் சிரித்திருக்கிறேன். இன்றைக்கு வருகிற ஆத்திரத்தில் பெரும்பங்கு அந்தச் சிரிப்புக்குத்தான்.

அமெரிக்கத் துரை கப்பலேறிய பிறகு ஒருநாள் வெட்கத்தை விட்டுச் சமயநல்லூருக்கு சைக்கிளை மிதித்தேன். அந்தத் தெருவுக்குள் அதுவரை நான் கால் வைத்ததில்லை. வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி, சட்டை போட்டவன் எதற்கு வந்தான் என்று சந்தேகமாகப் பார்த்தாள். "பெண்டு பிள்ளையோட மலேயாவுக்குக் கப்பலேறிட்டாக. ரப்பர் தோட்டத்துக்கு" என்றாள். சமைக்கவா என்று கேட்டேன். "பால் வெட்டத்தான்" என்றாள். அடுத்து யுத்தம் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டிய கடிதங்கள் பலருக்கும் வரவில்லை. நான் எந்த உரிமையில் கடிதத்தை எதிர்பார்ப்பது?

பங்களாவை இடித்து ஆலைக்குக் கிட்டங்கி கட்டினார்கள். புதினாப் பாத்தியெல்லாம் சிமெண்டுத் தரைக்கு அடியில். தல்லாகுளத்து வீட்டை வாரிசுகள் விற்று, அங்கே இப்போது டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடக்கிறது. மாமா, அத்தை, தவசிப்பிள்ளை, மலைத் துரை, எல்லோரும் போய்ச் சேர்ந்தாயிற்று. "அது சோணை செஞ்சது இல்ல தொரை" என்று முன்கட்டில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் ஐந்தே வார்த்தை. இத்தனை வருஷம் கழித்து இங்கே எழுதிவிட்டேன். கேட்க வேண்டிய காது ஒன்றுகூட மிச்சமில்லை.